குமிழ் எப்போது வருகிறது? லொறி இன்ஜினின் தண்ணீரில் காற்றைக் கண்டுபிடிப்பது

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பாதையில் எந்த நாள் போனாலும் ஓரமாக ஒதுங்கி நிற்கிற ஒரு லொறியையாவது பார்க்கலாம். கெபின் முன்பக்கம் கவிழ்ந்திருக்கும். பின்சில்லுக்குக் கல் கொடுத்திருப்பார்கள். கிளீனர் பையன் பக்கத்துப் பீலியில் கேனைப் பிடித்தபடி நிற்பான். என்ன ஆச்சு என்று சாரதியைக் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "தண்ணி குறையுது தம்பி, ஆனா எங்கயும் ஒழுகல."

ஒழுகாமல் தண்ணீர் எப்படிக் குறையும்? இன்ஜினுக்குள்ளேயே எங்காவது போய்க்கொண்டிருக்கலாம்: எண்ணெயில் கலந்து அதைப் பால் தேநீர் நிறத்துக்கு மாற்றலாம், அல்லது சிலிண்டருக்குள் இறங்கி வெள்ளைப் புகையாகப் போகலாம். இந்த இரண்டும் இல்லையென்றால், தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று வந்து உட்கார்ந்துகொண்டு, தண்ணீரை ரேடியேட்டர் மூடி வழியாக வெளியே தள்ளுகிறது. ஓடும்போது தள்ளுவதால் அது ரோட்டில் சிந்திக் காய்ந்துவிடும். நிறுத்திப் பார்க்கும்போது எங்கும் ஈரம் இருக்காது.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். கருவிகள் அதிகம் தேவையில்லை. குமிழ் வருகிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு ஹெட்டை (சிலிண்டர்களை மேலிருந்து மூடுகிற பகுதி) கழற்ற ஓடாமல், அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

முதலில் அமைப்பு. வோட்டர் பம்ப் தண்ணீரை இன்ஜின் பிளாக்குக்குள் தள்ளுகிறது. அது சிலிண்டர்களைச் சுற்றி, மேலே ஹெட்டுக்குள் ஏறி, சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடுகிற தேர்மோஸ்டாட்டைத் தாண்டி ரேடியேட்டருக்குப் போய் ஆறி, மறுபடி பம்புக்கு வருகிறது. (உள்ளே இருப்பது கூலன்ட் கலந்த தண்ணீர். பேச்சு வசதிக்காகத் தண்ணீர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.) பெரிய லொறிகளில் எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு தொட்டி இருக்கும். அவசரத்துக்குத் தண்ணீர் சேர்த்து வைக்கும் இடம் என்றுதான் நிறையப் பேர் அதை நினைக்கிறார்கள். காற்றைப் பிரித்தெடுப்பதும் அங்கேதான். ரேடியேட்டர் உச்சியிலிருந்தும் இன்ஜின் உச்சியிலிருந்தும் விரல் மொத்தம்கூட இல்லாத மெல்லிய குழாய்கள் அந்தத் தொட்டிக்கு வரும். குமிழோடு வருகிற தண்ணீர் அங்கே சற்று நிதானிக்கும். காற்று மேலே தங்கிவிடும். தண்ணீர் மட்டும் அடிக்குழாய் வழியாகப் பம்புக்குத் திரும்பும். இந்த மெல்லிய குழாய் ஒன்று துரு அடைத்துக்கொண்டாலோ, யாரோ ஒருவர் ஒழுகுகிறதே என்று போல்ட் ஒன்றைச் சொருகி அடைத்துவிட்டாலோ, காற்றுக்கு வெளியேற வழியே இல்லை. பின்னதை நானே இரண்டு லொறிகளில் பார்த்திருக்கிறேன்.

கொஞ்சம் காற்று இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரின் சூட்டை ஒரு பாகை உயர்த்தத் தேவையான வெப்பம், ஒரு லீற்றர் காற்றுக்குத் தேவையானதைப்போல ஏறக்குறைய 3,500 மடங்கு. அதாவது சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிற வேலையில் காற்று சுத்த சோம்பேறி. கூடையில் கொழுந்துக்குப் பதிலாகக் காற்றை நிரப்பிக்கொண்டு மடுவத்துக்குப் போனால் தராசில் என்ன விழும்? அது மாதிரிதான். அத்தோடு, வோட்டர் பம்ப் தண்ணீரைச் சுழற்றி எறிகிற வகை. பம்பின் நடுவில் காற்று மாட்டிக்கொண்டால் எறிய அங்கே எதுவும் இல்லை. பம்ப் சுற்றும், பெல்ட் சுற்றும், தண்ணீர் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும்.

காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போகும். இன்ஜினில் உயரமான இடம் ஹெட். அதிகம் சூடாகிற இடமும் அதுதான். எக்ஸோஸ்ட் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி அளவு காற்று தங்கினாலே போதும், அந்த இடத்து இரும்பு மட்டும் தனியாகக் கொதித்து, அப்புறம் ஒருநாள் மயிரிழையாக வெடித்துவிடும்.

வெப்ப மீட்டர் காட்டாதா? அங்கேதான் ஏமாற்று. மீட்டருக்குச் செய்தி அனுப்புகிற சென்சர் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் ஒழுங்காகச் சொல்லும். அதைச் சுற்றிக் காற்று வந்துவிட்டால் முள் சட்டென்று கீழே விழும். ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போகும்போது முள் இறங்கினால் சாரதிக்கு மனம் குளிர்ந்துவிடும், இன்ஜின் குளிரவில்லை. முள் மெதுவாக ஏறினால் நான் அவ்வளவு பயப்படுவதில்லை. ஏறி, விழுந்து, மறுபடி ஏறினால் வண்டியை ஓரம் கட்டச் சொல்வேன். காற்று புகுந்தால் ஹீட்டரில் குளிர்காற்று வரும் என்று வெளிநாட்டுக்காரர்கள் இன்னோர் அடையாளம் சொல்வார்கள். நம் பழைய லொறிகள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. நானுஓயாக் குளிருக்கும் கம்பளித் தொப்பிதான். அதனால் அந்த அடையாளத்தை விட்டுவிடலாம்.

மலைநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். லொறியின் தேர்மோஸ்டாட்டோ சாதாரணமாக 82 பாகை அளவில் திறக்கத் தொடங்கி 95 அளவில்தான் முழுதாகத் திறக்கிறது. அப்படியென்றால், இன்ஜின் ஒழுங்காக வேலை செய்கிற சூடே அங்கே கொதிக்கிற சூடு. கொதிக்காமல் காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடி. அது உள்ளே அமுக்கத்தைப் பிடித்து வைத்திருப்பதால் கொதிநிலை உயர்கிறது. 7 பீ.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்கிற அமுக்க அளவு) மூடி நல்ல நிலையில் இருந்தால், வெறும் தண்ணீரே கொழும்பில் 111 பாகை வரைக்கும், நுவரெலியாவில் 107 வரைக்கும் கொதிக்காமல் தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் கொழும்பில் ஒரு குறையும் தெரியாமல் ஓடுகிற அதே லொறி, இறம்பொடை வளைவுகளில் ஏறும்போது பொங்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பொங்குகிற இன்ஜினில் வருகிற குமிழ் நீராவி. அதைப் பார்த்து "காத்து அடிக்குது, ஹெட் கெஸ்கட் போயிருச்சு" என்று தீர்ப்புச் சொல்கிற பழக்கம் நம் கராஜ்களில் இருக்கிறது. (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கிற தகடுதான் ஹெட் கெஸ்கட்.) நீராவியையும் காற்றையும் கண்ணால் பிரிக்க முடியாது. பிரிப்பதற்கு ஒரே வழி, தண்ணீர் கொதிக்க வாய்ப்பே இல்லாத நேரத்தில் பார்ப்பது. அதாவது காலையில், இரவு முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜினில். (சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? முகம் வெந்த ஆட்களை எனக்குத் தெரியும். சொல்லி வைக்கிறேன்.)

காலைச் சோதனை இப்படி. லொறி சமதரையில், சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து நிற்கட்டும். மூடியைத் திறந்து கழுத்து வரைக்கும் தண்ணீரை நிரப்புங்கள். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, காற்றாடியிலிருந்து விலகி நின்று, டோர்ச் அடித்துத் தண்ணீரின் முகத்தைப் பாருங்கள். கையை மேல் ஹோஸ் பைப்பில் வைத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை: மூடியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணிய இரண்டு மூன்று நிமிடத்தில், குழாய் இன்னும் குளிர்ந்தபடி இருக்கும்போதே கல் மாதிரி இறுகினால், உள்ளே யாரோ அமுக்கத்தோடு ஊதுகிறார்கள் என்று அர்த்தம். சூட்டில் விரிந்து இறுகுவதற்கு அவ்வளவு சீக்கிரம் நேரம் வந்திருக்காது.

இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால், மூடியைப் போட்டுவிட்டு மேலதிகத் தண்ணீர் வெளியேறும் சின்னக் குழாயின் நுனியை, தண்ணீர் ஊற்றிய சோடாப் போத்தலுக்குள் விடுங்கள். குமிழை எண்ணலாம். கழுத்துக்குள் எட்டிப் பார்த்து "வருது, வரல" என்று இரண்டு பேர் வாதம் பண்ணுவதை இது நிறுத்தும்.

இனி நேரக் கணக்கு.

தொடக்கத்தில் குமிழ் பொளபொளவென்று வந்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் குறைந்து, தேர்மோஸ்டாட் திறந்ததும் ஒரு பெரிய ஏப்பத்தோடு தண்ணீர் மட்டம் இறங்கி, அப்புறம் அமைதியாகிவிட்டால், அது நிரப்பும்போது மாட்டிக்கொண்ட பழைய காற்று. அண்மையில் ஹோஸ் மாற்றியிருப்பார்கள், பம்ப் மாற்றியிருப்பார்கள். நோய் இல்லை.

சும்மா ஓடும்போது ஒன்றும் இல்லை, எக்ஸிலேட்டரை அழுத்தி வேகம் கூட்டினால் மட்டும் நுரை மாதிரிச் சின்னச் சின்னக் குமிழ், ஹோஸும் இறுகவில்லை என்றால், பம்பின் உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள். கீழ் ஹோஸின் கிளிப் தளர்ந்திருக்கலாம், பம்பின் சீல் தேய்ந்திருக்கலாம். பம்ப் வேகமாகச் சுற்றும்போது அந்தப் பக்கத்தில் அமுக்கம் குறையும். தண்ணீர் வெளியே வராத ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகும். நிறுத்திய பிறகு அதே இடத்தில் இரண்டு சொட்டு விழும். தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தாலும் சுழி விழுந்து இப்படிக் காற்றை இழுக்கும். அதனால் முதலில் மட்டத்தைச் சரி பண்ணிவிட்டுத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவதுதான் கனமான விஷயம். குளிர்ந்த இன்ஜின், முதல் நிமிடத்திலிருந்தே, நிற்காமல் குமிழ். ஹோஸ் இறுகுகிறது. இங்கே யாரோ வலுவோடு ஊதுகிறார்கள். ஊதக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் இன்ஜின் சிலிண்டர். மற்றவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

என் மாமா ஒருவர் ஹட்டனில் லொறி வைத்திருந்தார். மேலே ஏறும்போது மா, சீமெந்து, கீழே இறங்கும்போது மரக்கறி. ஒரு வருடம் அந்த லொறி தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தது. ஒரு கராஜில் காட்டினார். குமிழைப் பார்த்ததும் ஹெட்டை இறக்கினார்கள். கெஸ்கட் புதிது போட்டு, ஹெட்டை முகம் சீவிக் கொண்டுவந்து பூட்டினார்கள். இரண்டு கிழமை கழித்து அதே குமிழ். மறுபடி ஹெட் இறங்கியது. இந்த முறை வெடிப்பு இருக்கும் என்று கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதித்தார்கள். வெடிப்பு இல்லை. பூட்டினார்கள். குமிழ் வந்தது. மாமி தாலிக்கொடியை அடகு வைத்தது அந்த மாதம்தான்.

கடைசியில் தலவாக்கலையில் ஒரு வயதான மெக்கானிக் பாஸிடம் போனோம். அவர் ரேடியேட்டரை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க ஏறி உக்காந்து காத்து மீட்டரப் பாத்துக்கிட்டே இருங்க. முள்ளு எங்க நிக்குதுன்னு சத்தமாச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிரேக் தொட்டிகளின் காற்றை முழுக்கத் திறந்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். நான் நாற்பது, அறுபது, எண்பது என்று கத்திக்கொண்டே வந்தேன். 120 தாண்டியதும் வழக்கமான "புஸ்" சத்தம் கேட்டது. பாஸ் கையை உயர்த்தினார். "நின்னுருச்சு பாருங்க" என்று மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீரின் முகம் கண்ணாடி மாதிரி கிடந்ததாம். "இப்ப பிரேக்க அஞ்சாறு தரம் மிதிங்க தம்பி." மிதித்தேன். முள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கீழே இருந்து மாமாவின் குரல், "ஐயோ, மறுபடி வருது பாஸ்!"

விஷயம் இதுதான். பெரிய லொறிகளின் பிரேக் காற்றில் வேலை செய்கிறது. அந்தக் காற்றை அடைக்கிற கொம்ப்ரசர் இன்ஜினோடு சேர்ந்தே ஓடுகிறது. அது பயங்கரமாகச் சூடாகும் என்பதால் அதன் தலைக்கு இன்ஜின் தண்ணீரையே சுற்ற விட்டிருப்பார்கள். கொம்ப்ரசரின் தலையில் இருக்கிற சின்ன கெஸ்கட் போனால், 120 பீ.எஸ்.ஐ. வரைக்கும் போகிற காற்று, சில பீ.எஸ்.ஐ. அமுக்கமே உள்ள தண்ணீருக்குள் நேரே புகும். பிரேக் தொட்டி நிரம்பியதும், காற்றின் அமுக்கத்தைப் பார்த்துக்கொள்கிற கவர்னர் கொம்ப்ரசரைச் சும்மா சுற்ற விட்டுவிடும். ஊத்து நின்றுவிடும், குமிழும் நின்றுவிடும். பிரேக் மிதித்துக் காற்றைச் செலவழித்தால் கொம்ப்ரசர் மறுபடி வேலைக்குத் திரும்பும், குமிழும் திரும்பும். சிலிண்டரிலிருந்து வருகிற காற்றுக்குப் பிரேக் மீட்டரைப் பற்றி என்ன தெரியும்? அது ஒரே மாதிரி வந்துகொண்டிருக்கும்.

இந்தச் சோதனைக்கு ஒரு ஸ்பானர்கூட வேண்டாம். இரண்டு ஆளும் பத்து நிமிடமும் போதும். ஆனால் கெபின் இறங்கிப் பூட்டியிருக்க வேண்டும். கவிழ்த்து வைத்த கெபினுக்குள் ஆளை ஏற்றக் கூடாது. சில்லுக் கட்டை கட்டாயம்.

கொம்ப்ரசர் கெஸ்கட் போனதற்கு இன்னொரு சாட்சி காலையில் கிடைக்கும். இன்ஜின் நின்ற பிறகு, சூடாக அமுக்கத்தோடு இருக்கிற தண்ணீர் எதிர்த்திசையில் கொம்ப்ரசருக்குள் போகும்; அங்கிருந்து பிரேக் காற்றுத் தொட்டிக்கும் போய்ச் சேரலாம். தொட்டியின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்தால் நிறமற்ற தண்ணீர் கொஞ்சம் வருவது வழக்கம், காற்றில் இருந்த ஈரம் அது. பச்சையோ சிவப்போ கலந்து, விரலில் வழுவழுப்பாக வந்தால் அது கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்கிற பழைய ஆட்கள் உண்டு; தயவுசெய்து வேண்டாம், கூலன்ட் நஞ்சு. பிரேக் வால்வுகளுக்குள் கூலன்ட் போவதும் நல்லதில்லை. இறக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

கொம்ப்ரசர் நிரபராதி என்று தெரிந்த பிறகுதான் சிலிண்டர் பக்கம் திரும்ப வேண்டும். பாரம் இழுக்கிற டீசல் இன்ஜினின் சிலிண்டருக்குள் எரியும்போது அமுக்கம் 1,500 பீ.எஸ்.ஐ.யையும் தாண்டும், அதனால் அங்கே ஊசிமுனைத் துளை போதும். ஹெட் கெஸ்கட்டும் ஹெட் வெடிப்பும் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாத மூன்றாவது, டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் செம்புக் குழல். பல கன இன்ஜின்களில் இன்ஜெக்டர் ஒரு மெல்லிய செம்புக் குழலுக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தக் குழலின் வெளிப்பக்கம் தண்ணீர். குழல் தளர்ந்தால் எரிந்த வாயு நேரே தண்ணீருக்குள். சில இன்ஜின்களில் இதை ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம் என்பதால், கழற்றுவதற்கு முன் கேட்டுப் பாருங்கள். புதிய லொறிகளில் புகையைத் திருப்பி அனுப்பும் ஈ.ஜீ.ஆர். கூலரும் சந்தேகப் பட்டியலில் உண்டு.

சிலிண்டர் வாயுவா என்று உறுதி பண்ண ஒரு நீலத் திரவம் விற்கிறார்கள். ரேடியேட்டர் கழுத்திலிருந்து வரும் காற்றை அதற்குள் விட்டால், எரிந்த வாயுவில் உள்ள காபனீரொட்சைட்டால் நிறம் மாறும்: பெற்றோல் இன்ஜின் என்றால் மஞ்சள், டீசல் என்றால் பச்சைப் பக்கமாக. கொம்ப்ரசர் காற்று அதை மாற்றாது. ஆனால் டீசல் சும்மா ஓடும்போது புகையில் அந்த வாயு குறைவு என்பதால், நிறம் மாறவில்லை என்று உடனே நிம்மதி அடைய வேண்டாம். ஏற்றத்தில் பாரத்தோடு ஓட்டிவிட்டு வந்து, ஆறவிட்டுப் பார்த்தால்தான் நம்பலாம்.

பழுதைத் திருத்திய பிறகு தண்ணீரை நிரப்புவதிலும் கவனம் வேண்டும். அவசரமாகக் கவிழ்த்து ஊற்றினால் புதுக் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு, திருத்தியது சரியில்லையோ என்ற சந்தேகத்தைக் கிளப்பும். மெதுவாக, நின்று நின்று ஊற்றுங்கள். காற்று விடுகிற ஸ்குரூ இருந்தால், குமிழில்லாத தண்ணீர் வரும் வரைக்கும் திறந்து வையுங்கள். தேர்மோஸ்டாட்டின் ஓரத்தில் ஆடுகிற சின்ன ஊசி ஒன்று இருக்கும். காற்று கசிந்து போவதற்கான வழி அது, மேல்பக்கம் வருகிற மாதிரிப் பூட்டுவது வழக்கம். நிரப்பும் கழுத்து ரேடியேட்டரிலேயே இருக்கிற லொறியை மூக்கு மேலே பார்க்கச் சரிவில் நிறுத்தினால் காற்று தானாகக் கழுத்துக்கு வரும். நம் ஊரில் அதற்குச் சரிவைத் தேடி அலைய வேண்டியதில்லை. தொட்டி கெபினுக்குப் பின்னால் இருந்தால் மட்டும் சமதரையே நல்லது.

தேர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டு ஓடுகிற வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. பல இன்ஜின்களில் அது இல்லாவிட்டால், ரேடியேட்டருக்குப் போகாத குறுக்குவழி திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே சுற்றிச் சுற்றி வரும். ஏற்றத்தில் சூடு கூடத்தான் செய்யும்.

பீலித் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொதிக்கிற இன்ஜினில் மலைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆறும் வரைக்கும் பொறுங்கள். ஆறிய பிறகு ஒரு தடவை ஊற்றலாம், வேறு வழியில்லாதபோது. தினமும் ஊற்றினால் கூலன்ட் நீர்த்துப் போகும். கன டீசல்களில் சிலிண்டரின் உட்சுவரான லைனரின் வெளிப்பக்கமே தண்ணீரில் நிற்கிறது. லைனர் அதிரும்போது அதன் மேல் நுண்ணிய ஆவிக் குமிழ்கள் தோன்றி உடைந்து, இரும்பைக் குண்டூசித் துளைகளாக அரிக்கும். அதைத் தடுக்கிற மருந்து கூலன்டில்தான் இருக்கிறது, பீலியில் இல்லை.

எல்லாம் முடிந்ததும் மேல் தொட்டியில், ஆறிய நிலையில் தண்ணீர் நிற்கிற மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் மட்டம் கொஞ்சம் இறங்கும். மிஞ்சியிருந்த காற்று வெளியேறுவதால் அப்படி. டேப் வரைக்கும் மறுபடி நிரப்புங்கள். நான்காம் ஐந்தாம் நாளும் இறங்கினால், மறுநாள் காலையில் டோர்ச்சை எடுத்துக்கொண்டு, ஆறிய இன்ஜினில், மூடியைத் திறப்பதிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.